ஜொன்ஜுவில் கொரியக் குடும்பத்தோடு தங்கியது: வீட்டுக்கு முழு மதிப்பெண், ஏற்பாடு செய்தவர்களுக்குப் பாதிதான்

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கமிருந்து கொரியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, விடுதியில் தங்கலாமா, தனி அறை எடுக்கலாமா, இல்லை ஒரு குடும்பத்தோடு தங்கலாமா என்பதுதான். நான் ஜொன்ஜு நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கி மொழிப் படிப்பு முடித்தேன். பாபநாசத்துக்குத் திரும்பிய பிறகு, போன பொங்கலுக்கு அந்தக் குடும்பமே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டும் போனது. அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குடும்பத்தோடு தங்குங்கள், தயங்கவே வேண்டாம். ஆனால் ஏற்பாடு செய்து தருகிற நிறுவனத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்த மாதிரி நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, படிவங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முதலில் காசு விஷயம். எனக்கு மாதம் ஏழு லட்சம் வொன், நம் பணத்தில் நாற்பதாயிரத்தைத் தாண்டும். அதில் தனி அறை, காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, துணி துவைக்கும் மிஷின் எல்லாம் அடக்கம். கோஷிவொன் என்று ஒரு வகை அறை உண்டு, கட்டிலும் மேசையும் போட்டால் நடக்க இடம் இருக்காது, ஆனால் வாடகை குறைவு. காசு மட்டும்தான் கணக்கு என்றால் அதற்குப் போகலாம். மொழி வாயில் வர வேண்டும், உடம்பு சரியில்லாத அன்று ஒருவர் கஞ்சி வைத்துத் தர வேண்டும் என்றால் குடும்பம்தான்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். சேருவதற்கு முன் நிறுவனம் ஒரு கையேடு அனுப்பியது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும், தரையில் உட்கார வேண்டியிருக்கும், சோறுதான் பிரதான உணவு என்று அதில் இருந்தது. இதைப் படிக்கிற தஞ்சாவூர்க்காரர் யாராக இருந்தாலும், அட நம்ம வீடு மாதிரிதானே என்று நிம்மதியாக விமானம் ஏறிவிடுவார். அந்த நிம்மதிதான் சிக்கல். அமெரிக்காவுக்குப் போகிறவர் எல்லாமே வேறு என்று தெரிந்து எதையும் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்வார். இங்கே மேலே ஒரே மாதிரி இருப்பதால் நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நான் பார்த்த மனக்கசப்புகள் அத்தனையும், இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிற விஷயங்களில்தான் வந்தன.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் சைவம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடித்தேன். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கிடையாது. வீட்டம்மாவிடம் நிறுவனம் சொல்லியிருந்தது, இந்தப் பெண் இறைச்சி சாப்பிடமாட்டாள் என்பது மட்டும்தான். வீட்டம்மாவை நான் இமோ என்று கூப்பிட்டேன், நாம் சித்தி என்பதைப் போல. போன புதிதில் ஒரு இரவு தோன்ஜாங் ஜிகே வைத்தார். சோயா விழுது கரைத்து, டோஃபுவும் இளம் பூசணியும் போட்ட குழம்பு. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனதும் கருவாட்டு வாசனை. நான் கரண்டியை வைத்துவிட்டேன். இமோ பதறிப்போய் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலையும் குடலும் கிள்ளிய காய்ந்த நெத்திலியையும் கடல்பாசியையும் போட்டு அரை மணி கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணீரில்தான் குழம்பு. வடிகட்டியைச் சாய்த்துக் காட்டினார், பக்கத்தில் கிண்ணத்தில் நெத்திலியெல்லாம் ஒதுக்கிக் கிடந்தது. மீனை முழுக்க எடுத்துவிட்டேன் பார், ஒன்றுகூட உள்ளே இல்லை என்கிறார். எனக்காக ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது?

கிம்ச்சியிலும் இதே கதை. முட்டைக்கோஸும் மிளகாய்த்தூளும்தானே என்று நினைத்துச் சாப்பிடுகிற நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். வழக்கமான கிம்ச்சியில் உப்பில் ஊறவைத்த பொடி இறாலோ, நெத்திலிச் சாறோ, இரண்டுமோ சேரும். காரம் இல்லாத வெள்ளைக் கிம்ச்சியிலும் சேர்ப்பது உண்டு. நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பினேன். குடும்பத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரிப் பதில்.

தீர்த்து வைத்தது வீட்டில் இருந்த பாட்டி. ஜொன்ஜுவை ஒட்டி இருக்கிற கிம்ஜேயில், மோஅக் மலையடிவாரத்தில் கும்சான்சா என்றொரு பெரிய பௌத்தக் கோயில் இருக்கிறது, பாட்டிக்கு அங்கே போக்குவரத்து அதிகம். நான் கையாலும் அரைகுறைக் கொரியத்தாலும் விளக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், இவள் கோயிலில் துறவிகள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிடுகிறவள் என்று மருமகளிடம் சொன்னார். அவ்வளவுதான், இமோவுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் அந்தக் கோயில்களில் வெங்காயம் பூண்டும் சேர்க்கமாட்டார்கள் என்பதால், அப்படியென்றால் பூண்டும் கூடாதா என்று இன்னொரு சுற்று. பூண்டு வேண்டும், மீன்தான் வேண்டாம் என்று அதையும் பேசி முடித்தோம். அதற்கப்புறம் கடல்பாசி, காய்ந்த காளான், முள்ளங்கி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் எனக்குத் தனியாகக் குழம்பு. குளிர்காலத் தொடக்கத்தில் குடும்பமே உட்கார்ந்து வருஷத்துக்கான கிம்ச்சி போடுவார்கள். கிம்ஜாங் என்ற அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கு இறால் சேர்க்காமல் எனக்கென்று ஒரு டப்பா ஒதுக்கினார்கள். அதன் மேல் என் பெயரை எழுத நான் சிவப்புப் பேனாவை எடுத்ததும் பாட்டி கையிலிருந்து பிடுங்கிக் கறுப்பைக் கொடுத்தார். உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது அங்கே ஆகாது. கல்யாணப் பத்திரிகையிலேயே பெயரைச் சிவப்பில் அச்சடிக்கிற ஊர் நம்முடையது, இது யாருக்குத் தோன்றும்?

அடுத்தது எச்சில். இதை எந்தக் கையேடும் சொல்லாது, ஆனால் நம் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினம். குழம்புச் சட்டியை நடுவில் வைத்து அவரவர் கரண்டியை அதிலேயே விட்டுச் சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். இப்போது பல வீடுகளில் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றாலும், நான் இருந்த வீட்டில் பாட்டி பழைய ஆள். ஒரே சட்டியில் சாப்பிடுவதுதான் குடும்பம் என்பது அவருடைய எண்ணம். தண்ணீரையே அண்ணாந்து குடித்து வளர்ந்த எனக்குக் கை போகவில்லை. குழம்பு பிடிக்கவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். பிறகு, நம்மோடு சேர்ந்து சாப்பிட இவளுக்கு இஷ்டமில்லை என்று நினைத்தார்கள், அது இன்னும் மோசம். என் கருத்து இதுதான்: இதில் யார் சரி யார் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்களுக்கு அது பாசம், நமக்கு இது சுத்தம், இரண்டுமே சின்ன வயதில் அம்மா கையால் வந்தவை. முதல் நாளிலேயே, எங்கள் வீட்டில் ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் கை வைக்க மாட்டோம், அம்மாவும் மகளும் கூட அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவும் மகளும் கூட என்பதை விடாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டபிறகுதான் பாட்டியின் முகம் தெளிந்தது.

தலையாட்டுவதும் அப்படித்தான். இன்னும் சோறு வைக்கவா என்று இமோ கேட்டால் நம் பழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவேன், அவர் குக்கரை மூடிவிடுவார். சரி என்றால் மேலும் கீழும் ஆட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

தரை விஷயத்துக்கு வருவோம். பாயில் படுத்து வளர்ந்தவர்களுக்குக் கொரிய வீட்டுத் தரை சொர்க்கம். ஒன்டோல் என்கிற முறையில் தரைக்கு அடியில் குழாயில் வெந்நீர் ஓடும், வெளியே பனி கொட்டினாலும் மெத்தையை விரித்துப் படுத்தால் முதுகு இதமாக இருக்கும், உறைந்துபோன தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை ஓரமாகத் தரையில் வைத்தால் தானே உருகிவிடும். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லா ஸ்விட்சையும் அணைப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அங்கே கடுங்குளிரில் பாய்லரை முழுக்க அணைத்துவிட்டுப் போனால் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கக்கூடும். வெளியே போகும்போது வைக்கிற நிலை என்று பாய்லரில் தனியாக ஒரு பொத்தான் உண்டு. இன்னொரு பக்கம், காலையில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துபோட்டால் கேஸ் பில் ஏறும். இது இரண்டையும் சொல்லித் தருவது ஐந்து நிமிட வேலை. நிறுவனம் சொல்லவில்லை, வீட்டுக்காரரோ இது யாருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நாள் கிழமைக்கு முன்பு பொதுக் குளியல் நிலையத்துக்குப் போவது அங்கே வழக்கம், நாம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதுபோல. சொல்லால் என்ற சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள் இமோ என்னையும் கூப்பிட்டார். பெண்களுக்குத் தனி இடம்தான், ஆனால் உள்ளே யாரும் துணியோடு இருக்கமாட்டார்கள், துணியோடு தொட்டியில் இறங்கவும் கூடாது. குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக் குளிக்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், வாசலிலேயே நின்றுவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவது தாயும் மகளும் செய்துகொள்வது, என்னை மகளாக நினைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போகவில்லை என்றால் குளிர், தலைவலி என்று சாக்குச் சொல்லாமல், எங்கள் ஊரில் அம்மா முன்னால்கூட இப்படிக் குளிக்கமாட்டோம் என்று நேராகச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

குப்பையைப் பற்றி ஒரு வரி. சாப்பாட்டுக் கழிவு தனி, அதற்கு எடை பார்த்துக் காசு வாங்குகிற இடங்களும் உண்டு. ஆனால் வெங்காயச் சருகும் முட்டை ஓடும் அதில் சேராது, காசு கொடுத்து வாங்குகிற சாதாரணக் குப்பைப் பையில்தான் போட வேண்டும். அந்தப் பை முறை 1995-இலிருந்து நாடு முழுக்க இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் அந்த வீட்டுக்கு நான் ஏன் முழு மதிப்பெண் தருகிறேன் என்றால், அவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் கிம்ஜேயில் நெல் விவசாயம் செய்த குடும்பத்துப் பிள்ளை. கொரியாவின் நெற்களஞ்சியம் என்று அந்தச் சமவெளியைச் சொல்வார்கள். நான் காவிரிப் பாசனத்துக்காரி என்று தெரிந்ததும் பியொக்கொல்ஜே என்ற பழைய ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். அது பொ.ஆ. 330-இல் கட்டப்பட்டது என்று அவர்களுடைய பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. நான் கல்லணையைப் பற்றிச் சொன்னேன். வருஷத்துக்கு ஒரே போகம் எடுக்கிற அவர், குறுவை, சம்பா, தாளடி என்று நான் சொல்லச் சொல்ல நம்பவே இல்லை. ஜனவரியில் அறுவடையா, எங்கள் வயலில் அப்போது பனி கிடக்குமே என்றார். வந்து பாருங்கள் என்றேன். வந்துவிட்டார்கள்.

இந்த வருகையைப் பற்றி எழுதாமல் மதிப்புரை முழுமையாகாது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் எனக்கு நடந்ததெல்லாம் எங்கள் வீட்டில் அவர்களுக்கு நடந்தது. பொங்கலன்று கூடத்தில் இலை போட்டோம். விருந்தாளிகளை உட்கார வைத்து அம்மா பரிமாறினார், சர்க்கரைப் பொங்கல், வாழைக்காய்ப் பொரியல், பொங்கல் குழம்பு, பருப்பு, நெய் என்று இலை நிறைந்தது. வீட்டுக்காரர் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இமோவும் தொடவில்லை. தாத்தா திண்ணையோர நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடச் சொல்லும்மா அவங்கள என்று அம்மாவை விரட்டுகிறார். அம்மா, வாசனை ஒத்துக்கலையோ என்று கலங்க ஆரம்பித்துவிட்டார். கொரிய வீட்டில் வயதில் மூத்தவர் கரண்டியை எடுக்கும் வரை யாரும் எடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலோ விருந்தாளி கை நனைக்காமல் தாத்தா இலை முன்னால் உட்காரமாட்டார். இவருக்காக அவர், அவருக்காக இவர், நடுவில் சோறு ஆறுகிறது. விஷயம் புரிந்து நான் தாத்தாவிடம் போய், நீங்க ஒரு வாய் வச்சாத்தான் அவரு சாப்பிடுவாரு என்றேன். விருந்தாளி இருக்கறப்ப நான் முதல்லயா, ஊரு என்ன சொல்லும் என்று அவர் மசியவில்லை. கடைசியில் அப்பாதான் தாத்தாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வரிசைத் தலைப்பில் உட்கார வைத்து, இலையில் சர்க்கரைப் பொங்கலை ஒரு சிட்டிகை வைத்தார். தாத்தா அதை நாக்கில் வைத்த மறுகணம் வீட்டுக்காரர் தலை குனிந்து வணங்கிவிட்டு, வெண்கலக் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரே மரியாதைதான், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்து முட்டிக்கொண்டது.

அதோடு முடியவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் இமோ தன் இலையை மடித்து எடுத்தார், பக்கத்தில் அப்பா சாப்பிட்ட இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தார். ஜொன்ஜுவில் அவரவர் கிண்ணத்தை அவரவர்தான் தொட்டிக்குக் கொண்டுபோவோம், அந்தப் பழக்கம். எங்கள் ஆத்தா ஓடிவந்து, ஐயோ, விருந்துக்கு வந்தவங்க எச்சி இலைய எடுக்கறதாவது என்று அவர் கையைப் பிடித்துவிட்டார். இமோ ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் கண் கலங்கிவிட்டார். எச்சில் என்றால் எங்கள் வீட்டில் என்ன என்று நான் அன்றைக்குச் சட்டியை வைத்துக்கொண்டு விளக்கியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். உடனே புரிந்துகொண்டார், ஆத்தாவைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடியது. வீட்டுக்காரர் வரப்பிலேயே நின்று ஒரு கதிரைக் கசக்கி, அரிசியைக் கடித்துப் பார்த்து, இவ்வளவு மெல்லிசா என்று ஆச்சரியப்பட்டார். கல்லணையையும் பார்த்தார்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள் என்பதால் அப்போது தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, நிறுவனத்துக்கு ஏன் பாதி மதிப்பெண்? நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுத்தார்கள், அதற்குப் பாதி. மீதியைக் குறைத்ததற்குக் காரணம், இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. மீன் கொதித்த தண்ணீர் ஆகுமா, ஒரே சட்டியில் சாப்பிட முடியுமா, பாய்லரைத் தொட்டிருக்கிறாயா, இவ்வளவையும் ஒரு காணொளி அழைப்பில் குடும்பத்தையும் மாணவரையும் உட்கார வைத்துப் பேசிவிடலாம். ஒரு மணி நேரம் ஆகாது. அப்படி அழைப்பு ஏற்பாடு செய்கிற நிறுவனமாகப் பார்த்துச் சேருங்கள். மாட்டோம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

போவதற்கு முன் சாப்பாட்டுக்கான வாக்கியங்களையாவது கொரிய மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் இன்கோ மையத்தில் மொழி வகுப்பு நடக்கிறது, நேரில் போக முடியாதவர்கள் இணையத்தில் படிக்கலாம். பெருங்காயத்தை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போங்கள், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சாதத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்களுடைய குண்டு அரிசி குழைந்து ஒட்டும், தயிர்சாதத்துக்கு அது நம் பொன்னியை விட நன்றாகவே இருக்கிறது. தயிர் வாங்கும்போது மட்டும் சர்க்கரை சேர்க்காததா என்று பாருங்கள். என்னிடம் மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே வாங்கினார்கள். குடும்பம் ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு மாற்றித் தருவார்களா, பாதியில் கிளம்பினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பணம் அனுப்பும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜாக வேண்டாம்.